மூன்றாவது சரணத்தில் இறந்தவர்

பாட்டின் மூன்றாவது சரணத்தில் மிஸ் வெர்னி செத்துப்போவார். அவர் அப்படிச் செத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. எங்கள் கட்டடத்தின் பதினோராவது மாடியில், என் வீட்டுக்கு நேர் எதிரே, 11-சி-யில்தான் குடியிருந்தார். கதவை மூட மாட்டார். ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து எப்போதும் ஒரு சாண் திறந்தே வைத்திருப்பார். பிராங்க்ஸில், அதுவும் எங்கள் குடியிருப்பில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வாழ்ந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். திருடன்கூட அதைப் பார்த்தால், உள்ளே ஏதோ விவகாரம் இருக்கிறது என்று பயந்து போய்விடுவான்.

முழுப்பெயர் வெர்னிடா கேட்ஸ்டன். தெற்குக் கரோலினாவில் ஆரஞ்ச்பர்க் ஊர். பத்தொன்பது வயதில் தனியாகப் பேருந்தேறி வந்தவர். ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் முப்பது வருடத்துக்கு மேல் படுக்கை விரிப்புகளை மடித்தார். கணவர் ஒருவர் இருந்திருக்கிறார். கேட்டால், “நல்லா சமைப்பாரு” என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். பிள்ளைகள் இல்லை.

அந்தப் பாட்டின் பெயர் ‘ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்’. பாடியவன் டீக்கன் பாஸ் என்று உலகம் அறிந்த டெவான் பாஸ்கம். எங்கள் கட்டடத்துப் பிள்ளை, பதினாலாவது மாடியில் அத்தை வீட்டில் வளர்ந்தவன். பாட்டில், ஆகஸ்ட் மாதத்து மதியம் ஒன்றில் இதே கட்டடத்தின் லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. உள்ளே ஆறு பேர். முதல் சரணத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், வீட்டு வசதி ஆபீஸைத் திட்டுகிறார்கள். இரண்டாவதில் வியர்வை, சண்டை, ஒருவன் கதவைக் குத்திக் கை உடைகிறது. மூன்றாவதில், கடைப் பைகளோடு மூலையில் நின்ற மிஸ் வி என்ற பெண் மெல்லச் சரிந்து உட்கார்ந்து மூச்சு விடுவதை நிறுத்திவிடுகிறாள். ‘பையில் பால் இருந்தது, பாலுக்குள் வெயில் இருந்தது’ என்று அந்த இடத்தில் வரும். பாடுபவன் அவள் கண்களை மூடிவிட்டு, ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவான். நியூவர்க், பால்டிமோர், ரிச்மண்ட், ராக்கி மவுண்ட். அவ்வளவுதான் பாட்டு. பல்லவி என்று பார்த்தால் ஒரே வரி. ‘ஆறு விடவில்லை, ஏழு சேர்க்கவில்லை, மணியை அடி.’

மணிதான் அதன் தாளம். லிஃப்டுக்குள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கரகரவென்று அடிக்குமே, அதே மணி. டெவான் ஒரு டேப் ரெக்கார்டரோடு போய்ப் பிடித்துவந்து, துண்டாக வெட்டி, முரசுக்கு மேலே ஓட்டினான். யாரும் வந்து எடுக்காத மணி நாலரை நிமிடம் அடித்துக்கொண்டே இருக்கும். நகரத்தில் ஜன்னலை இறக்கிக்கொண்டு போகும் கார்களில் பத்தில் ஒன்றில் அந்த மணி அடிக்கும். கல்யாண வீடுகளில்கூட அடிக்கும். ஜனங்கள் அதற்கு ஆடுவார்கள்.

பாட்டு வந்த வருடமே இசைப் பத்திரிகை ஒன்று, இது பாட்டல்ல, சாட்சியம் என்று எழுதி முழு மதிப்பெண் போட்டது. நகர நாளிதழின் விமர்சகர் அந்த லிஃப்டே இந்த நாடு என்றார். மேலேயும் சேராமல் கீழேயும் இறங்காமல் நிற்கும் மக்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். பிறகு வந்த ஒரு பேராசிரியர் அந்த ஊர்ப்பெயர் வரிசையைப் பிடித்துக்கொண்டார். தெற்கிலிருந்து வேலை தேடி வடக்கே வந்த ஒரு இனத்தின் பயணம் அங்கே தலைகீழாக ஓடுகிறது, சாவு அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிறது என்று முப்பது பக்கம் எழுதினார். நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறது. நல்ல கட்டுரைதான். நான் எழுதும் கவிதையை அப்படி யாராவது வாசித்தால் நன்றாயிருக்கும் என்று நானே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

மிஸ் வெர்னிக்குப் பிடித்தது வேறொன்று. லோர்னா பெட்டிகுரூ என்ற பெண் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிய அரைப்பக்கம். ஊரே கொண்டாடிய பாட்டை அவர் ஒருவர்தான் குறை சொன்னார். இந்தப் பெண்ணுக்குப் பாட்டில் இருக்கும் ஒரே வேலை சாவது. அதற்கு முன் ஒரு வார்த்தை பேச அவளை விடவில்லை. பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? இதுதான் அவர் கேள்வி. மிஸ் வெர்னி அதை வெட்டி, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார். உப்பு எடுக்கத் திறக்கும்போதெல்லாம் தெரியும்.

“இந்தப் பொம்பள மட்டும்தான் என்னைத் தேடியிருக்கா” என்பார்.

அவர் செத்ததற்கு அத்தாட்சி மைதானத்தில் பந்தடித்து ஆடும் சுவரில் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் யாராவது இளம் வயதில் போய்விட்டால் அந்தச் சுவரில் முகமும் பெயரும் வரைவது வழக்கம். ஃபௌஸ்டோ ரென்டாஸ் என்பவர்தான் வரைவார். பாட்டு வந்த மறு வருடம் யாரோ கேட்டுக்கொண்டதன் பேரில் மிஸ் வி-யையும் வரைந்துவிட்டார். இரண்டு கையிலும் பைகள், தலைக்கு மேலே ஒரு சிவப்புப் பொத்தான். கற்பனை மனுஷி என்று நினைத்து வரைந்தார் என்றும், செத்த பெண் என்று நம்பி வரைந்தார் என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சுவரில் ஏறிய முகத்தை அழிக்கக் கூடாது. அழித்தால் அடிதடியில் முடியும். வரைந்தவர் மட்டும் வேண்டுமானால் திருத்தலாம். மிஸ் வெர்னி அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். அவர் சொல்வதற்குள் ஃபௌஸ்டோ மாரடைப்பில் போய், மிஸ் வி-க்குப் பக்கத்திலேயே அவர் முகமும் ஏறிவிட்டது.

முதல் சில வருடங்கள் அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்களாம், மேலே எப்படி இருக்கிறது மிஸ் வெர்னி, ஏசி எல்லாம் உண்டா என்று. “அங்கயும் லிஃப்ட் ரிப்பேருதான்” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போவாராம். அப்புறம் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வீடு மாறினார்கள். வேடிக்கை தெரிந்தவர்கள் குறைந்து, சுவர் மட்டும் மிச்சமானது. எங்கெங்கிருந்தோ வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். செத்தவர்களுக்குச் செய்வதுபோல, குடிப்பதற்கு முன் ஒரு வாய் அவர் பெயரைச் சொல்லித் தரையில் ஊற்றுகிறார்கள். அந்த ஈரத்தைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போய்வந்தார்.

லிஃப்டில் அவர் ஏறுவதில்லை. பாட்டு வந்த வருடத்திலிருந்தே இல்லை. பதினோரு மாடி ஏறி, பதினோரு மாடி இறங்கி, இருபத்தைந்து வருடம்.

போன மார்ச்சில் வலது முழங்கால் எட்டாவது மாடித் திருப்பத்தில் விட்டுவிட்டது. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, உட்காரவைத்து, நாங்கள் நான்கு பேர் தூக்கி ஏற்றினோம். அதோடு சரி. கோடை வந்தது. ஜன்னல் வழியாக மைதானத்தையும் சுவரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வாரம் மூன்று தடவை வரச் சொன்னார்கள். போக முடியவில்லை. போகாததால் கால் இன்னும் மோசமானது. கால் மோசமானதால் போக முடியவில்லை.

ஜூலையில் 1-பி காலியானது. தெருவோடு ஒட்டிய வீடு. படியும் இல்லை, லிஃப்டும் இல்லை. மிஸ் வெர்னி அதற்கு மனுப்போட்டார். ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதிக்குள் முடிவாகாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. டாக்டர் முழங்காலைப் பற்றிக் கடிதம் கொடுத்திருந்தார். அது போதாது, உங்கள் கட்டடத்தில்தான் லிஃப்ட் ஓடுகிறதே என்றது ஆபீஸ். லிஃப்டில் ஏற முடியாது என்றால் ஏன் முடியாது என்று காட்ட வேண்டும். அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டது நிஜம் என்றால் அந்தச் சம்பவத்தின் பதிவு வேண்டும். அந்த வருடத்துப் பதிவேடுகளோ நிலவறையில் தண்ணீர் புகுந்ததில் போய்விட்டன.

இதெல்லாம் போனில் நடந்தது. ஸ்பீக்கரைப் போட்டு என்னைக் குறிப்பெடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் பேசியது டவாரஸ் என்ற இளம்பெண். குரலில் நல்ல மரியாதை.

“அம்மா, எங்க அண்ணன் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் என்னைத் தூங்க வெப்பான். எனக்கு மனப்பாடம். அந்த லிஃப்ட்ல இருந்த அம்மா இறந்துட்டாங்களே.”

“நான்தான் அந்த அம்மா.”

அந்தப் பெண், “இப்ப எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள்.

“உயிரோட இருக்கேன் கண்ணு. முட்டிதான் வலிக்குது.”

டவாரஸ் கெட்டவள் இல்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து ஒரு வழி சொன்னாள். பதிவு இல்லையென்றால், அப்போது உங்களோடு லிஃப்டில் இருந்த ஒருவர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையோடு கொடுத்தால் போதும். ஆறு பேரில் ஒருவர் கிடைக்க மாட்டாரா என்றாள்.

மிஸ் வெர்னி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு பேர் இல்லை, இரண்டு பேர்தான் என்றார். தானும் அந்தப் பையனும். மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். அதற்கு மேல் கேட்காதே, என் அம்மா மேல் சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றார். நான் கேட்கவில்லை. அவனே வருகிறானே என்று மட்டும் சொன்னேன். பாட்டின் இருபத்தைந்தாவது வருட விழாவை ஆகஸ்ட் இருபத்திரண்டு, சனிக்கிழமை மதியம், அந்தச் சுவருக்கு முன்னாலேயே வைத்திருந்தார்கள்.

விழாவுக்கு இருந்த ஒன்பது நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

விழா அன்று மைதானத்தில் நிற்க இடமில்லை. கோழி வறுபடும் புகை, குழந்தைகள், மடக்கு நாற்காலிகள், யானை மாதிரி இரண்டு ஒலிபெருக்கிகள். பேராசிரியர் ஒருவர் மைக்கில் மூச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். டெவான் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். நாற்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு, நரைத்த தாடி. நான் கூட்டத்துக்குள் நுழைந்து அவனிடம் போவதற்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். கூட்டம் காரணமில்லை, நான்தான் காரணம். மிஸ் வெர்னி எழுதித் தந்த துண்டுச் சீட்டை அவன் கையில் வைத்தேன். ‘ஆரஞ்சு ஐஸ்கிரீம். விரலால். 11-சி’ என்று மட்டும் இருந்தது அதில்.

அவன் இரண்டு தடவை படித்தான். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு என் பின்னால் வந்தான்.

கட்டட வாசலில் லிஃப்ட் கதவு திறந்து, விளக்கெரிய, காலியாகக் காத்திருந்தது. அவன் அதன் பக்கம் திரும்பவேயில்லை. நேராகப் படிக்கட்டுக் கதவைத் தள்ளினான்.

நாலாவது மாடியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆறுக்கு மேலே இருக்கும் திருப்பத்தில் படியில் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து ஆஸ்துமா மருந்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தான். பக்கத்துச் சுவருக்குள் லிஃப்ட் போய்வரும் இரைச்சல் கேட்டது.

“அந்த ஐஸ்கிரீம் பத்தி உனக்கென்ன தெரியும்?” என்று கேட்டான்.

எதுவும் தெரியாது என்றேன். அன்று அது உண்மை.

11-சி-யின் கதவு வழக்கம்போல ஒரு சாண் திறந்திருந்தது. அவன் உள்ளே போனான். நான் எதிரே என் வீட்டு வாசலில் நின்றுகொண்டேன். கதவு மூடாத வீட்டில் ரகசியம் பேசினால் கேட்கத்தான் செய்யும்.

மிஸ் வெர்னி முதலில் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

“இன்னும் இழுக்குதா உனக்கு?”

“படி ஏறினா மட்டும்.”

“லிஃப்ட் ஓடுதே.”

“பார்த்தேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“உங்களைச் சாகடிச்சதுக்கு நான் வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும்” என்றான் அவன்.

“ஒரு மலர்வளையமாவது அனுப்பியிருக்கலாம்.”

ஏன் ஆறு பேர் என்று போட்டாய், அந்த லிஃப்டில் ஆறு பேர் நிற்கவே முடியாது, நாலு பேர் ஏறினாலே ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார் அவர். இருபத்தைந்து வருடமாக அவருக்கு அந்தப் பாட்டின் மேல் இருந்த முதல் குறை அதுதான் போலிருக்கிறது.

“ரெண்டு பேர்னு போட்டா, யார் அழுதாங்கன்னு தெரிஞ்சுடும்” என்றான் டெவான்.

அதற்கு மேல் அவர்கள் துண்டுதுண்டாகப் பேசியதிலிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மூச்சு நின்றது அவனுக்கு. பதினேழு வயது, கையில் மருந்து இல்லை. அரை மணி நேரத்தில் சுவரைப் பிறாண்ட ஆரம்பித்துவிட்டான். பேண்ட்டை நனைத்துக்கொண்டான். மிஸ் வெர்னி பைகளைக் கவிழ்த்து, உறைந்த மீன் பொட்டலத்தை அவன் பிடரியில் வைத்திருக்கிறார். உருகிக்கொண்டிருந்த ஆரஞ்சு ஐஸ்கிரீமை விரலால் வழித்து வாயில் வைத்திருக்கிறார். மூச்சை எண்ணச் சொன்னால் பையனுக்கு எண்கள் குழம்பின. அதனால் தன் ஊருக்குப் போகும் பேருந்து நிற்கும் இடங்களைச் சொல்லியிருக்கிறார். ஒரு ஊருக்கு ஒரு மூச்சு. நியூவர்க், இழு. பால்டிமோர், விடு. ஆரஞ்ச்பர்க் வந்ததும் மறுபடி நியூவர்க். அப்படி எத்தனையோ நடை. தீயணைப்பு ஆட்கள் கதவைப் பிளந்தபோது அவன் அவர் மடியில் கிடந்தான். வெளியே போவதற்குள் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினான். அம்மா மேல் சத்தியம் கேட்டான். பண்ணினார்.

“உன் மூச்சை எடுத்து என் மேல போட்டுட்ட. அது பரவால்ல” என்றார் மிஸ் வெர்னி. “லிஃப்ட் என்னை ஒண்ணும் பண்ணல டெவான். மூணு மணி நாப்பது நிமிஷத்துல விட்டுடுச்சு. அடுத்த வாரமே நான் அதுல ஏறினேன், பத்து மாசம் போய் வந்துட்டுத்தான் இருந்தேன். பாட்டு வந்தப்புறம்தான் முடியல. உள்ள கால வெச்சா மணி கேக்குது. நான் சரிஞ்சு உக்கார்றது தெரியுது. நடக்காததுதான் எனக்கு ஞாபகம் இருக்கு.”

அவர் காகிதத்தை மேஜையில் வைத்தார். ஆபீஸ் கேட்டது என்ன, தேதி எது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். எனக்கு 1-பி வேண்டும், அதற்கு இரண்டு பேர்தான் இருந்தோம் என்று நீ எழுதித் தர வேண்டும் என்றார்.

டெவான் எழுந்து ஜன்னலுக்குப் போனான். அங்கிருந்து சுவர் நன்றாகத் தெரியும். நடந்தது நடந்தபடி என்று ஐம்பது பேட்டியில் சொல்லியிருக்கிறேன் என்றான். அந்த ஒரு பாட்டுதான் தன் பேர், மற்றதையெல்லாம் யாரும் கேட்பதுகூட இல்லை. ஆபீஸுக்குப் போகிற காகிதம் ஆபீஸில் நிற்காது. வேறு வழி இருக்கிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் தோட்டத்தோடு தரைத்தள வீடு ஒன்று பார்த்துத் தருகிறேன், இந்த மாதமே போய்விடலாம் என்றான்.

“ஜெர்சில எனக்கு யார் இருக்கா? செத்தவளை ஊர் மாத்தி வெக்கப் பாக்கறியா?”

“அப்படி இல்ல மிஸ் வெர்னி.”

“உன் பாட்டை நான் உடைக்கச் சொல்லல. எங்கம்மா போய் ஒம்பது வருஷம் ஆச்சு. அவங்க மேல பண்ண சத்தியம் அவங்களோட போயிடுச்சுன்னு நான் வாயத் தொறந்தேனா? நான் இந்த வீட்ட விட்டு இறங்கணும். அஞ்சு மாசமாச்சு. அவ்ளோதான்.”

கீழே பேராசிரியர் பேசி முடித்திருக்க வேண்டும். டெவானைக் காணவில்லை என்று இசைத்தட்டையே போட்டுவிட்டார்கள். மணி அடித்தது.

யானை மாதிரி ஒலிபெருக்கிகள் என்று சொன்னேனே, பதினோராவது மாடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவிடுக்கு வழியாக எனக்கு அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். மிஸ் வெர்னி நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அது நான் பலமுறை பார்த்தது. டெவானைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. மேடையில் ஆயிரம் தடவை அந்த மணிக்குப் பாடியவன் ஜன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினான். மேடையில் மேலே வானம் இருந்திருக்கும். இங்கே அந்த லிஃப்ட் இருபதடி தள்ளிச் சுவருக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“நியூவர்க்” என்றார் மிஸ் வெர்னி, கண்ணைத் திறக்காமலே.

அவன் இழுத்தான்.

“பால்டிமோர்.”

விட்டான்.

ஆரஞ்ச்பர்க் வரை போய் மறுபடி தொடங்கினார். மூன்றாவது நடையோ நாலாவதோ, கீழே பாட்டு கடைசி சரணத்துக்கு வந்திருந்தது. முந்நூறு பேர் ஒரே குரலாக அதே ஊர்களை முழங்கினார்கள். நியூவர்க், பால்டிமோர், ரிச்மண்ட். அவர் நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை மைதானம் சொன்னது. அதற்குள் டெவான் மேஜைக்கு வந்து பேனாவை எடுத்துவிட்டான்.

அவன் எழுதியதைப் பிறகு மிஸ் வெர்னி எனக்குக் காட்டினார். நான்கு வாக்கியம். ‘லிஃப்டில் இரண்டு பேர் இருந்தோம். மூச்சு நின்றது எனக்கு. அவர் எனக்கு ஆரஞ்சு ஐஸ்கிரீம் ஊட்டி ஊர்ப்பெயர்கள் சொன்னார். அவர் உயிரோடு இருக்கிறார்.’ நான் படித்தவரையில் அவன் எழுதியதில் அதுதான் சிறந்தது. அதற்கு யாரும் விமர்சனம் எழுதப்போவதில்லை.

முத்திரைக்கு அதிகம் அலையவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவி மிஸஸ் ரவுண்ட்ரீ, டெவானைத் தேடிக்கொண்டு லிஃப்டில் வந்து இறங்கினார். அவர் கையெழுத்துக்குச் சான்று தரும் நோட்டரியும்கூட; கைப்பையில் உதட்டுச்சாயத்துக்குப் பக்கத்தில் முத்திரையும் எப்போதும் இருக்கும்.

“முந்நூறு பேர் உன்னை அங்க தேடறாங்க, நீ இங்க உக்காந்து தண்ணி குடிச்சிட்டிருக்கியா ராசா?” என்றார்.

டெவான் எழுத்தின் மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டு, கையெழுத்துப் போட்டான். அவர் கையெழுத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்தினார். என்ன எழுதியிருக்கிறது என்று கழுத்தை நீட்டித்தான் பார்த்தார். கை நகரவில்லை. கோழி ஆறிப்போகிறது என்று சொல்லிவிட்டு மறுபடி லிஃப்டில் ஏறிப் போனார்.

கிளம்பும்போது அவன் செங்கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். காகிதம் அந்த ஆபீஸ் பெண்ணோடு நிற்கட்டும், நீங்கள் வெளியே சொல்ல வேண்டாம் என்றான். அவனுக்கே வெட்கமாக இருந்தது. தரையைப் பார்த்துத்தான் கேட்டான்.

“இப்ப யார் மேல சத்தியம் பண்றது? எனக்குன்னு யாரு மிச்சம்?” என்றார் மிஸ் வெர்னி. கொஞ்சம் யோசித்து, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “சுவத்துல நிக்கறாளே, அவ மேல.”

அவன் தலையாட்டினான். படியிறங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் யார் மேலும் சத்தியம் பண்ணவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி டவாரஸ் கூப்பிட்டாள். 1-பி கிடைத்துவிட்டது. கடிதத்தைப் படித்தேன் என்றோ, பாட்டைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வைக்கும் முன், அந்த ஐஸ்கிரீம் எந்தக் கடையில் வாங்கியது என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பரில் அதே நாற்காலியில் உட்காரவைத்து, அதே நாலு பேர் இறக்கினோம். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் வந்தபோது, வேகமாப் போங்கப்பா, என்னைப் பாட்டுல போட்டுடப் போறாங்க என்றார். வாசலைத் தாண்டி வெளியே வைத்ததும் எழுந்து நின்று, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

1-பி-யின் ஜன்னல் மைதானத்தைப் பார்த்தது. பதினோராவது மாடியிலிருந்து பார்க்கும்போது சுவர் ஒரு தபால்தலை அளவுதான் இருந்தது. இங்கே நேருக்கு நேர், ஆளுயரத்துக்கு, இருபது அடி தூரத்தில். கார்களும் இங்கே பக்கத்திலேயே நிற்கும். சமையலறையில் அலமாரியைத் திறந்து அந்த அரைப்பக்கத்தை உட்புறமாக ஒட்டிக்கொண்டிருந்தபோதே ஒரு கார் மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. அவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அது போகும்வரை அப்படியே நின்றார். பிறகு வெளிவாசலுக்குப் போய், செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்.

மறுநாள் மதியம் ஊன்றுகோலோடு தனியாக மைதானத்துக்குப் போனார். நான் வேலைக்குக் கிளம்பியவன் பெஞ்சருகே நின்று பார்த்தேன். சுவருக்கு முன்னால் போய், அந்த முகத்தை முதல் தடவையாக அவசரமில்லாமல் பார்த்தார். பைகள், சிவப்புப் பொத்தான், கீழே எரிந்து முடிந்த மெழுகு. கையை நீட்டிப் பையைத் தொட்டார்.

அப்போது பின்னால் ஒரு இளைஞனும் பெண்ணும் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். அவன் கையில் திறந்த பாட்டில். ஒரு வாய் தரையில் ஊற்றி, மிஸ் வி, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொன்னான். கொஞ்சம் மிஸ் வெர்னியின் செருப்பில் பட்டது. அந்தப் பெண் செல்போனை உயர்த்திப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்.

“அம்மா, கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? அவங்களை மறைக்கறீங்க.”

மிஸ் வெர்னி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்துவைத்து, இரண்டு அடி தள்ளி நின்றார்.